போகலாம் என்று சொன்னவள்

எனக்குக் கோபம் வரும். அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இதைக் கேட்கிற யாராவது ஒருவர் நடுவில் புகுந்து, "அவளுக்கு மூக்குக்கு மேல கோபம் வருமே" என்று ஆரம்பிப்பார். எங்கள் கல்லூரி ரோபோ கிளப்பில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, மிளகாய் என்றுதான் கூப்பிடுவார்கள். சரி, நான் மிளகாய்தான். அதற்காக என் கழுத்தை அறுக்கலாமா? கோபக்காரிக்கு மட்டும் வலிக்காதா?

கழுத்தை அறுத்தவள் வேறு யாருமில்லை, என் சித்தி மகள். சித்தியும் சித்தப்பாவும் வேலைக்காக வேறு ஊரில் இருப்பதால் கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து அவள் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். என் அறை, என் அலமாரி, என் போர்வையில் பாதி. என்னைவிடச் சில மாதம் இளையவள். நடந்தால் சத்தம் வராது, பேசினால் பக்கத்தில் போய்க் காதைக் கொடுக்க வேண்டும். அதனால் அவள் பூனை. கிளப்பில் சர்க்யூட் போர்டு வரையத் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே. மற்றவர்கள் இரும்பு வெட்டுவார்கள், சக்கரம் மாட்டுவார்கள், புரோகிராம் எழுதுவார்கள். போர்டு என்று வந்தால் மிளகாயும் பூனையும்தான்.

எங்கள் ரோபோவுக்கு எருமை என்று பெயர் வைத்திருந்தோம். இடுப்பளவு உயரம், தரையில் கிடக்கும் பந்துகளைப் பொறுக்கி அலமாரியில் அடுக்கும், கூப்பிட்ட திசையில் மட்டும் வராது. போன வருடம் அதற்குள் கடையில் வாங்கிய போர்டைத்தான் வைத்திருந்தோம். போட்டியில் நடுவர்கள் ஒவ்வொரு மேசையாக வந்தார்கள். தலை நரைத்த ஒரு அம்மா எருமையின் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த போர்டை யாரு பண்ணது?" என்று கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கேப்டன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கடையில வாங்கினது மேடம்" என்றான். அந்த அம்மா திட்டவில்லை. சின்னதாக ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அடடா, அந்தச் சிரிப்பு இருக்கிறதே! திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு அவமானமாக இருந்திருக்காது.

அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். அடுத்த வருடம் எருமைக்குள் என் போர்டு ஓடும், அந்த அம்மா கேட்பார், நான் முன்னால் போய் நின்று பதில் சொல்வேன். போட்டியின் விதியும் அதுதான். ஓடுகிற போர்டை யார் செய்தார்களோ அவர்கள்தான் நடுவர்கள் முன்னால் நின்று விளக்க வேண்டும், வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. எனக்கு இது கடைசி வருடம். இதை விட்டால் அவ்வளவுதான், அடுத்த வருடம் நான் கல்லூரியிலேயே இருக்க மாட்டேன்.

பருவத் தொடக்கத்தில் நான் ஒரு போர்டு வரைந்தேன், பூனையும் ஒன்று வரைந்தாள். இரண்டையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு கேப்டன் என்னுடையதைத் தேர்ந்தெடுத்தான். அவளுடையது கொஞ்சம் பெரியது, மோட்டார் வேகத்தை அளக்கிற வசதியும் அதில் இல்லை. பூனையின் முகம் வாடவே இல்லை. "உன்னோடதுதான் நல்லா இருக்கு" என்று எனக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். எவ்வளவு நல்ல பெண் என்று நினைத்தேன். நினைத்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்!

எங்கள் கிளப்பில் ஒரு பழக்கம் உண்டு. வரைந்த போர்டை அப்படியே தொழிற்சாலைக்கு அனுப்பிவிட மாட்டோம். ஒரு பருவத்துக்கு ஒரே ஆர்டர்தான், தப்பு நடந்தால் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. அதனால் ஒப்பித்தல் என்று ஒன்று வைத்திருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்போமே, அதே மாதிரி. வரைந்தவள் சுவரைப் பார்த்து நாற்காலியில் உட்கார வேண்டும், திரையைப் பார்க்கக் கூடாது. இன்னொருத்தி திரைக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு இணைப்பாகக் கேட்பாள். "இந்தச் சிப்போட மூணாவது கால் எங்கே போகுது?" சுவரைப் பார்த்தபடி இவள் மனதிலிருந்து சொல்ல வேண்டும். சொன்னதும் திரையில் இருப்பதும் ஒத்துப்போனால் அடுத்தது. எல்லாம் முடிந்தபின் கேட்டவள் "போகலாம்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை வராமல் எந்த போர்டும் அந்த அறையை விட்டு வெளியே போகாது. வரைந்தவளுக்குத் தன் தப்பு தெரியாது, எத்தனை முறை பார்த்தாலும் கண் அதைத் தாண்டிப் போய்விடும். அதற்குத்தான் இன்னொரு ஜோடிக் கண்.

என் போர்டை ஒப்பித்தபோது கேள்வி கேட்டவள் பூனை. மதிய நேரம், ஜன்னல் வழியாக விளையாட்டு மைதானத்துச் சத்தம் வந்துகொண்டிருந்தது. நான் காலை ஆட்டிக்கொண்டு, சுவரில் யாரோ எப்போதோ ஒட்டிய டேப்பைப் பார்த்துக்கொண்டு மடமடவென்று சொல்லிக்கொண்டே போனேன். கடைசியாகப் பெரிய கனெக்டருக்கு வந்தோம். எருமையின் மொத்த நரம்பும் அந்த ஒரு கனெக்டர் வழியாகத்தான் போர்டுக்குள் வரும். பேட்டரி, சக்கரங்கள், சென்சார், எல்லாமே. அங்கே பூனை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். மேசை மேல் ஏதோ பிளாஸ்டிக் சாமான் உருள்கிற சத்தம் கேட்டது.

"என்னடி, தூங்கிட்டியா?" என்றேன்.

"இல்லை. தண்ணி குடிச்சேன்."

"கனெக்டர் சரியா?"

"ம்."

"ம்-னா?"

"போகலாம்" என்றாள்.

நான் நாற்காலியோடு சுற்றித் திரும்பி அவள் கன்னத்தைக் கிள்ளினேன். அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். அது வழக்கம்தான் என்பதால் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

பார்சல் வந்தபோது எனக்குப் பரீட்சை. கேப்டன் என் போர்டுகளை மட்டும் ஒரு கவரில் போட்டுக் கையில் கொடுத்தான். பச்சைத் தகடு, செம்புக் கோடுகள், மூலையில் வெள்ளை மையில் ஒரு மிளகாய்ப் படம். அன்று தலைகால் புரியவில்லை எனக்கு. பரீட்சை முடிந்ததும் உட்கார்ந்து ஒவ்வொரு சிப்பாகச் சால்டர் வைத்தேன். மேசையில் தனியாக வைத்து, என் வரைபடத்தைப் பார்த்தே கம்பி பிடித்து மின்சாரம் கொடுத்துச் சோதித்தபோது எல்லா விளக்கும் எரிந்தது, சின்ன மோட்டாரும் சுற்றியது. போட்டிக்கு ஒரு வாரம் இருந்தது. எருமையில் மாட்ட வேண்டியதுதான் பாக்கி.

கிளப்பே சுற்றி நின்றது. நான் எருமையின் வயிற்றைத் திறந்து, போர்டைத் திருகி, கனெக்டரைக் கையில் எடுத்தேன்.

"இன்னிக்கே மாட்டணுமா?" என்று பின்னாலிருந்து பூனை கேட்டாள்.

"பின்ன, எருமைகிட்ட சம்மதம் கேட்டுட்டு மாட்டணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். கனெக்டரைச் செருகினேன், பேட்டரி சுவிட்சைத் தட்டினேன். பட்டென்று ஒரு சத்தம். போர்டிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பியது. மோட்டாரை ஓட்டுகிற இரண்டு சிப்பும் வெடித்து, ஒன்றின் தலையில் பொத்தல் விழுந்திருந்தது. கேப்டன் பாய்ந்து சுவிட்சை அணைத்தான்.

கனெக்டரைப் பிடுங்கி என் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த உடனே புரிந்துவிட்டது. கனெக்டர் கம்பெனி கொடுத்திருந்த படத்தைப் பார்த்துத்தான் நான் கால்களை வரைந்திருந்தேன். அந்தப் படம் கனெக்டரை அடியிலிருந்து பார்த்து வரைந்தது. நான் மேலிருந்து பார்ப்பதாக எடுத்துக்கொண்டுவிட்டேன். மொத்தமும் இடம் வலமாக மாறிவிட்டது. பேட்டரியின் பிளஸ் இருக்க வேண்டிய இடத்தில் மைனஸ். போர்டு வரைகிறவர்கள் ஒவ்வொருவரும் வாழ்க்கையில் ஒரு தடவையாவது செய்கிற தப்பு இது. கனெக்டரைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம்.

சரி, தப்பு என்னுடையது. அதை நான் மறுக்கவில்லை. அழக்கூட இல்லை. "இன்னும் நாலு போர்டு இருக்கு. எருமையோட வயரை எல்லாம் பிரிச்சு மாத்தி முடிச்சுடலாம். ரெண்டு நாள் குடுங்க, நான் பண்றேன்" என்று சொல்லிக்கொண்டே இழுப்பறையைத் திறந்தேன். வெடித்த அந்தச் சிப்பில் இன்னும் ஒரு ஜோடி கையிருப்பு உண்டு, எனக்கு நன்றாகத் தெரியும். சிப் வைக்கும் சின்ன டப்பாவைத் திறந்தால், காலி.

"சிப் எங்கே?"

டப்பாவை மேசை மேல் கவிழ்த்துக் காட்டினேன்.

"யாரு எடுத்தது? வாயில என்ன பூட்டா போட்டிருக்கீங்க?"

பூனை தன் பையைத் திறந்தாள். குமிழ் வைத்த பிளாஸ்டிக் தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, மேசை மேல் மெதுவாக வைத்தாள். பச்சைத் தகடு. என்னுடையதைவிடக் கொஞ்சம் பெரியது. எல்லாச் சாமானும் சால்டர் வைத்து முடித்து, தேடிய இரண்டு சிப்பும் அதில் உட்கார்ந்திருந்தன. அவள் வரைந்த போர்டு. கேப்டன் நிராகரித்த அதே போர்டு.

"அப்பாடா, நல்லவேளை!" என்று யாரோ பெருமூச்சு விட்டார்கள். கேப்டன் அதற்குள் அதை எடுத்து எருமையில் பொருத்திப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

எனக்கு மட்டும் ஒரு விஷயம் இடித்தது. ஒரு பருவத்துக்கு ஒரே ஆர்டர். வாரக்கணக்கில் ஆகும் வந்துசேர. அப்படியிருக்க இந்த போர்டு எங்கிருந்து குதித்தது?

"இது எப்ப வந்தது?" என்றேன்.

"உன்னோடதும் இதுவும் ஒரே பார்சல்லதான் வந்துது" என்றான் கேப்டன், ஸ்குருவைத் திருகிக்கொண்டே. "ஒப்பித்தல் முடிஞ்ச மறுநாள் பூனை வந்து, இதையும் சேர்த்து அனுப்பிடு, கைவசம் இருக்கட்டும்னா. நானே கேள்வி கேட்டு, போகலாம்னு சொல்லி அனுப்பினேன். உனக்குத் தெரியாதா? உங்கிட்ட பேசிட்டுத்தான் வந்திருக்கான்னு நினைச்சேன்."

மேசை மேல் உருண்ட பிளாஸ்டிக் சாமான் என்னவென்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கனெக்டரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். கண்டுபிடித்திருக்கிறாள். கண்டுபிடித்துவிட்டுப் போகலாம் என்று சொல்லியிருக்கிறாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு காலை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் கையைப் பிடித்து வெளியே தரதரவென்று இழுத்துக்கொண்டு போனேன். தாழ்வாரத்தில் கை கழுவுகிற குழாய் பக்கத்தில் நிறுத்தினேன்.

"உனக்குத் தெரியும்."

குழாயைத் திருகித் திருகி மூடினாள்.

"தெரியுமா தெரியாதாடி?"

"தெரியும்க்கா."

அக்காவாம்! ஏதாவது வில்லங்கம் என்றால்தான் அவள் வாயில் அக்கா வரும். எனக்கு வந்ததே ஆத்திரம். "அஞ்சு நிமிஷ வேலைடி அது! தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா அங்கேயே திருப்பிப் போட்டிருப்பேன். ஏன் சொல்லலை? ஜட்ஜ் முன்னாடி நீ நிக்கணும், அதானே? எம்மேல பொறாமை. தண்ணி பாட்டில் நீட்டுறப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"சத்தியமா இல்லை. எனக்கு யார் முன்னாடியும் நின்னு பேச வராதுன்னு உனக்கே தெரியும்."

"அப்புறம் எதுக்கு இதை ரெடியா வெச்சிருந்தே?"

"எருமை ஓடணுமில்ல?"

"எருமை ஓடணும், நான் எரிஞ்சு போகணும். அப்படித்தானே?"

"பயமா இருந்துது" என்றாள். குரல் வழக்கத்தைவிடச் சின்னதாக வந்தது. "போன தடவை ஒரு கோடு தப்புன்னு சொன்னதுக்கு எத்தனை நாள் எங்கிட்ட பேசாம இருந்தே? ஒரே ரூம்ல. நான் உங்க வீட்ல இருக்கேன், என்னால வேற எங்கே போக முடியும் சொல்லு."

"பேசாம இருந்தேன், அப்புறம் அந்தக் கோட்டைத் திருத்தினேனா இல்லையா?"

"திருத்தினே."

"பின்ன என்ன?"

"நான் சொல்லணும்னுதான் இருந்தேன். அன்னிக்கு ராத்திரியே சொல்லணும்னுதான்... ஆனா..."

"என்ன ஆனா?"

தலையைக் குனிந்துகொண்டு, "ஒண்ணுமில்லை. எம்மேலதான் தப்பு" என்றாள்.

உள்ளேயிருந்து கைதட்டல் கேட்டது. எருமை ஓடியிருக்க வேண்டும். யாரோ கதவைத் திறந்து, "பூனை, சீக்கிரம் வா, உன் போர்டு சூப்பரா ஓடுது!" என்று கூவினார்கள். நான் பையை எடுக்கக்கூட உள்ளே போகவில்லை. அப்படியே படியிறங்கி நடந்தேன். சாலையில் எதிரே வந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்த்து ஒதுங்கினார்கள், என் முகம் அப்படி இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா சமையலறை மேசையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கூடத்தில் அப்பா செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது. அவள் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். புகை, காலி டப்பா, பொட்டலம், ஒரே பார்சல். "நம்ப வெச்சுக் கழுத்தை அறுத்துட்டாம்மா. நம்ம வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு, என் பக்கத்துலயே படுத்துக்கிட்டு இத்தனை வாரம் வாயைத் திறக்கலை. நீயே சொல்லு, இது நியாயமா?"

அம்மா கத்தியை நிறுத்தவில்லை. ஒரு பீன்ஸை எடுத்து நாரை உரித்து, நறுக்கி, இன்னொன்றை எடுத்தாள்.

"அவளைத் திட்டாதே" என்றாள்.

"ஏன் திட்டக் கூடாது?"

"அவ மேல தப்பில்லை."

"பின்ன எம்மேலயா?"

"அன்னிக்கே வந்து எங்கிட்ட சொல்லி அழுதா. 'பெரியம்மா, அவ போர்டுல ஒரு தப்பு இருக்கு, அவளும் நானும் மட்டும் இருந்தோம், சொல்ல வாய் வரலை. இப்ப போய்ச் சொல்லட்டுமா'ன்னு கேட்டா. நான்தான் வேண்டாம்னேன்."

எனக்குச் சரியாகக் காது கேட்கவில்லையோ என்று தோன்றியது.

"பரீட்சை வருது, இப்ப சொன்னா இவ வீட்டையே ரெண்டாக்கிடுவா, படிக்கவும் மாட்டா, உன்னையும் படிக்க விடமாட்டா, நீ பேசாம உன்னோடது ஒண்ணைப் பண்ணி வெச்சுக்கோ, தேவைப்பட்டா பாத்துக்கலாம்னு அவகிட்ட சொன்னேன்." அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "போன தடவை நீங்க ரெண்டு பேரும் பேசாம இருந்தப்ப இந்த வீட்ல ஒருத்தருக்கும் சாப்பாடு இறங்கலை. அதை நினைச்சுத்தான் சொன்னேன். ஒரு தகடுதானேடி. எரிஞ்சா என்ன, இன்னொண்ணு வாங்கிக்கலாம்னு நினைச்சேன்."

"அது நான் பண்ணதும்மா."

"எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

"உனக்குத் தெரிய வேண்டாம். எங்கிட்ட சொல்லிருக்கலாமே."

"உங்கிட்ட எதைச் சொல்ல முடியுது?" என்றாள் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. பாவம், உண்மையாகவே கேட்டாள். அதுதான் எனக்கு இன்னும் கொதித்தது. கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். கத்தினால் அவள் சொன்னது சரி என்று ஆகிவிடும். கத்தாமல் இருந்தால் நெஞ்சு வெடித்துவிடும் போல் இருந்தது.

கூடத்தில் தொலைக்காட்சிச் சத்தம் குறைந்தது. அப்பா சமையலறை வாசலில் வந்து நின்று, கையில் ரிமோட்டோடு, என்னைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"ஒருவழியா அவகிட்ட சொல்லியாச்சா?" என்றார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

பரீட்சை நாட்களில் ஒவ்வொரு ஞாயிறும் சாப்பிட்டு முடித்தபின் நான் இதே மேசைக்கு முன்னால் நின்று, நடுவர்களிடம் என்ன சொல்லப்போகிறேன் என்று ஒத்திகை பார்த்திருக்கிறேன். அம்மா நரைத்த தலை நடுவராக உட்கார்ந்து, "இந்த போர்டை யாரு பண்ணது?" என்று கேட்பாள். "நான்தான் மேடம்" என்று நான் ஆரம்பிப்பேன். பூனை தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். நான் சொல்லி முடித்ததும் அப்பா சத்தமாகக் கை தட்டுவார், இன்னொரு தடவை சொல்லு என்பார்.

"கை தட்டினீங்களேப்பா" என்றேன்.

அப்பா ரிமோட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். அம்மா பீன்ஸைக் கழுவ எழுந்து போனாள்.